நன்மாறனின் ஈரல்

தமிழய்யா மாசிலாமணியிடம் எதற்கும் ஒரு பழமொழி இருக்கும். கல்யாண வீட்டுக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று, சம்பந்தி சண்டைக்கு இரண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆளில்லாமல் உறையூர் மடத்துக் குகசாமியிடம் சீடராகச் சேர்ந்தார். குகசாமி வயதில் இளையவர்தான். ஆனாலும் சேர்ந்த அன்றே, "கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு வந்துட்டுப் போங்கய்யா" என்றுதான் உபதேசம் செய்தார். அது நடக்கிற காரியமா?

மகன் நன்மாறன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து விடுவான். மடத்துக்குள் வரமாட்டான். வாசலில் நின்றபடியே, "சாமி, இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்து அனுப்புங்க. வீட்டுல பழமொழி தாங்கல" என்று கத்திவிட்டுப் போவான்.

அன்று மாசிலாமணி நடந்து வந்தார். உச்சி வெயில். காலில் செருப்பில்லை.

குகசாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"நன்மாறன் எப்படி இருக்கான்?"

"போயிட்டான் சாமி. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குது. அது மெஷின் பண்ற வேலையாம். மூளைச்சாவுன்னு சொல்லிட்டாங்க."

குகசாமி ஈர வேட்டியைக் கல்லிலேயே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே பிள்ளை. தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள். முட்டக் குடித்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் கார் ஓட்டி வந்தவன் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கி நின்றான். நன்மாறனை ஆட்டோவிலிருந்து நாலு பேர் சேர்ந்து எடுக்க வேண்டியிருந்தது.

"உறுப்பு தானம் கேட்கிறாங்க," என்றார் மாசிலாமணி. "கண்ணு, கிட்னி, இதயம் எல்லாத்தையும் எடுத்துக்குங்கன்னுட்டேன். ஈரல்ல வந்து நின்னு போச்சு."

"ஏன்?"

"யாருக்குப் போகும்னு டாக்டரம்மாவைக் கேட்டேன். பேரைச் சொல்லக் கூடாதாம். குடிச்சுக் கெட்டவனா இருப்பானான்னு கேட்டேன். அந்தம்மா பொய் சொல்லல. 'இருக்கலாம் சார். குடியை விட்டுட்டானான்னு பார்த்துத்தான் வரிசையில சேர்ப்போம். ஆனா இருக்கலாம்'னாங்க. குடிகாரனுக்கு மட்டும் வேண்டாம்னேன். அப்படி ஆள் பார்த்துக் குடுக்க முடியாதாம். குடுத்தா குடுக்கணும், இல்லேன்னா மாட்டேன்னு சொல்லிடணும். சாயங்காலத்துக்குள்ள."

"மாட்டேன்னு சொல்லிடுங்க."

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அது மண்ணுக்குல்ல சாமி போகும்?"

"மண்ணு குடிக்காதுய்யா."

வேறு யாராவது சொல்லியிருந்தால் மாசிலாமணி எழுந்து போயிருப்பார். சொன்னவர் கண்ணும் கலங்கியிருந்ததால் உட்கார்ந்திருந்தார். ஆனால் கோபம் வந்துவிட்டது.

"பாத்திரம் அறிஞ்சு பிச்சையிடுன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க? சாமி குடுத்த ஈரலைச் சாராயத்துல கரைச்சவனுக்கு என் பிள்ளை ஈரலா? அவன் ஒரு பீடிகூடத் தொட்டதில்ல. தன்வினை தன்னைச் சுடட்டும்."

"வரிசையில இருக்கிறவனா அன்னைக்குக் கார் ஓட்டினான்?"

"அவன் இல்ல. எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க."

"குடியை விட்டிருக்கான்னு சொன்னாங்களே."

"நாய் வாலை நிமிர்த்த முடியுமா சாமி?"

மற்ற நாளாக இருந்தால் குகசாமி சிரித்திருப்பார். அன்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டார்.

"நன்மாறன் வண்டிக்கு எந்த ஸ்டாண்டு?"

"ஒயின்ஷாப் முக்கு."

"குடிச்சவன் வந்தா ஏத்துவானா?"

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க வேர்வை இல்லை.

"ஏத்துவான்."

"எல்லா ஆட்டோவும் ஏத்துமே."

"மத்தவங்க கூப்பிட்டா ஏத்துவாங்க. இவன் கூப்பிட முடியாதவனையும் தூக்கிப் போட்டுக்குவான். கடை வாசல்ல விழுந்து கிடக்கிறவனை விசாரிச்சு விசாரிச்சு அவன் வீட்டுலயே கொண்டுபோய் விடுவான். வண்டியில வாந்தி எடுத்து வச்சிருப்பானுங்க. விடிஞ்சதும் நம்ம வாசல்ல நிறுத்திக் கழுவுவான். நாத்தம் குடலைப் புடுங்கும். உனக்கு ஏண்டா இந்தத் தலையெழுத்துன்னு கத்துவேன்."

"என்ன சொல்லுவான்?"

"'அவங்க வீட்டுலயும் யாராவது முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்கப்பா'ம்பான்."

சொல்லி முடித்ததும் மாசிலாமணி உடைந்து போனார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வழியில் அழவில்லை. இப்போது சின்னப் பிள்ளையாட்டம் ஏங்கி ஏங்கி அழுதார். குகசாமி தடுக்கவில்லை. தண்ணீர் மொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அழுகை அடங்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாம இல்ல சாமி," என்றார் மாசிலாமணி. "அவனா இருந்தா குடுத்திருப்பான். யாருக்குன்னு கேட்டிருக்கவே மாட்டான். ஆனா நான் அவன் இல்லையே. வர்ற வழியெல்லாம் எனக்குள்ள தேடிப் பார்த்துட்டேன். அந்த முகம் தெரியாத குடிகாரன் மேல ஒரு பொட்டு இரக்கம் இல்ல. இல்லாததை நான் எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

குகசாமி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சட்டி நீங்க இல்லைய்யா. அது ஆஸ்பத்திரியில படுத்திருக்கு. நீங்க அகப்பை."