முறத்தில் விரிந்த தோகை

முன்னொரு காலத்தில், மழையும் வெயிலும் சொன்ன நேரத்துக்கு வந்துபோன காலத்தில், மஞ்சனூர் என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே போகியன்று கழித்தது கழித்ததுதான். அது மறுபடி வாசல்படி ஏறக் கூடாது.

இதைத் தெரிந்துகொண்டு புகைவாணன் என்ற மந்திரவாதி வந்தான். "பழசை எரிக்க வேண்டாம். கோட்டைக்கு வெளியே என் பள்ளத்தில் போடுங்கள். உங்கள் கவலையும் சேர்ந்து போய்விடும்" என்றான். ஊரே கொண்டுபோய்க் கொட்டியது. கவலை போயிற்று. கூடவே, அந்தப் பொருள்களில் ஒட்டியிருந்த நினைவும் போயிற்று.

செங்கமலம் அன்று ஆற்றங்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் எறியவில்லை. வீட்டுக்கு வந்தால், புருஷன் நல்லமுத்து எழுந்து நின்று கேட்டான்:

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

"பொங்கல் வேலை தலைக்கு மேல கெடக்கு. விளையாடாதீங்க."

அவன் விளையாடவில்லை. வெயிலில் வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தான். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டில் பழைய சாமான் ஒன்றும் இல்லாததைக் கண்டு பள்ளத்துக்கு ஓடினாள். அங்கே ஒரு பேசும் கழுதை காவல் நின்றது. "வேண்டாததைக் காக்கத்தான் எனக்கு உத்தரவு. வேண்டுமென்று வருகிறவளைத் தடுக்க உத்தரவில்லை" என்றது.

அவள் வீட்டுக் கெண்டியைத் தேடி எடுத்துப் போனாள்.

"போகியில கழிச்சது வாசல் ஏறாதும்மா" என்றான் நல்லமுத்து.

கிழிந்த முறத்தை எடுத்துப் போனாள். வாசல் ஏறாது என்றான். தொட்டில் கட்டையை எடுத்துப் போனாள். அதற்கும் அதே பேச்சு.

செங்கமலம் பள்ளத்தருகே வந்து உட்கார்ந்தாள். பழசு வாசல் ஏறாது. சரி, புதுசு ஏறுமே?

கெண்டியை உடம்பாக வைத்தாள். அதன் மூக்கு கழுத்தாயிற்று. தொட்டில் கட்டையைப் பிளந்து இரண்டு கால் செய்தாள். முறம் தோகையாய் விரிந்தது. ஊர்ப் பெண்கள் கழித்த வளையல் துண்டுகளைப் பொறுக்கித் தோகைக்குக் கண் வைத்தாள்.

"மயிலா? கழுதை செய்யேன். காதுக்கு ரெண்டு அகப்பை கெடக்கு பார்" என்றது கழுதை.

"சும்மா இரு. இந்தக் கயிற்றைப் பல்லால் பிடி."

வேலை முடியும் நேரத்தில் புகைவாணன் வந்துவிட்டான். "வை கீழே. எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கட்டியிருக்கிறேன்."

"எங்கே, சொல்லு பார்க்கலாம்."

"கெண்டியே, நில்" என்றான். மயில் நிற்கவில்லை. "முறமே, நில்" என்றான். நிற்கவில்லை. "தொட்டில் கட்டையே, நில்" என்றான். மயில் அவள் இடுப்பில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. அதைக் கட்ட அவனிடம் பெயர் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் புகையாயிற்று. பிறகு அவனே புகையானான்.

கட்டு அவிழ்ந்தது. ஆனால் நினைவு தானாக வீடு திரும்பாது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

நல்லமுத்து வாசலில் நின்றான். "நல்லா இருக்கே. புதுசா?"

"புதுசுதான்."

வாங்கி உள்ளே கொண்டுபோனான். மயிலின் காலைத் தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. பொடிப் பொடியாய்ப் பல் தடம்.

"இது நம்ம பேச்சி கடிச்சது" என்றான் மெதுவாக. பேச்சி கல்யாணமாகி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். "பல்லு முளைக்கிறப்போ ராத்திரியெல்லாம் கடிப்பா." திரும்பிப் பார்த்தான். "செங்கமலம், ஏன் வெளியவே நிக்கிற?"

மறுநாள் ஊரே பள்ளத்தில் இருந்தது. யானை செய்தார்கள், தேர் செய்தார்கள். அகப்பைக் காதோடு ஒரு கழுதையும் அரண்மனைக்குப் போயிற்று.

நல்லமுத்துவுக்கு எல்லாம் திரும்பியது, ஒன்றைத் தவிர. மயிலின் வயிற்றில் ஒரு பெரிய ஒடுக்கு. "கெண்டியை யாரு இப்படித் தூக்கி எறிஞ்சது?" என்று கேட்டான்.

ஒரு பழைய சண்டையில் அதை எறிந்தவன் அவனேதான்; செங்கமலம் அந்த ஒடுக்கை முந்தானையால் துடைத்தாள்.

"மயிலுக்கு அது அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றப் போனாள்.