உலகத்தை மூழ்கடித்த முழங்கால் வெள்ளம்

ஏழுகுன்றத்து மன்னர் காங்கேயருக்கு முகஸ்துதி என்றால் வெல்லக்கட்டி. மந்திரி நமச்சிவாயருக்கு அதை ஊட்டிவிடுவதே உத்தியோகம். மனுஷன் சும்மா ஊட்டுவாரா? தன் மகளை மன்னருக்குக் கொடுக்கப் பேசி முடித்திருந்தார். தை பிறந்ததும் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளைக்கு உச்சி குளிர வேண்டுமே என்று ஒரு வம்சாவளி எழுதிச் சபையில் படித்தார்.

ஒரு காலத்தில் உலகம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கிப்போனதாம். மலைகூட மிச்சமில்லையாம். மன்னரின் மூதாதை மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகில் ஏறிப் பிழைத்தாராம். இன்று உலகில் உள்ள அத்தனை பேரும் அவருடைய வாரிசுகளாம். மன்னர் அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

கிணறு வெட்டும் குப்பாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சந்தையில் சொல்லிவிட்டான்.

"முப்பது வருஷமா மண்ணுக்குள்ளதான் கிடக்கேன். ஒரு அடுக்குல அடுப்புச் சாம்பல். அதுக்குக் கீழ வெயில்ல வெடிச்ச வண்டல். அதுக்கும் கீழ எலி வளை. ஆத்து வெள்ளம் வந்த தடம் கரையோரம் இருக்கு. உலகமே முழுகின தடம் ஒண்ணையும் காணோம்."

ராஜத்துரோகம் என்றார் மந்திரி. நாக்கை அறுக்க வேண்டும் என்றார். மன்னரும் தலையாட்டிவிட்டார்.

கையைக் கட்டிச் சபைக்கு இழுத்துவந்திருந்த குப்பாண்டியைச் சபை விகடகவி சாத்தப்பன் பார்த்தான். பாவம், ஆள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். சாத்தப்பன் எழுந்தான்.

"மந்திரியாரே, நான் மரமண்டை. வெள்ளத்துக்கு என்ன சாட்சி?"

"மலை உச்சியில் கல்லுக்குள் கிளிஞ்சல் இருக்கிறது. வெள்ளம் கொண்டுவந்து போட்டது."

"போட்டதோடு போகாமல், மண்ணைக் கல்லாக இறுக்கி அடுக்கடுக்காகப் பதித்தும் வைத்ததா? ரொம்பப் பொறுமையான வெள்ளம். குப்பாண்டியின் கிணறுகளில் கிளிஞ்சலே இல்லையே?"

"அங்கிருந்ததை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது."

"இருந்தால் கொண்டுவந்தது, இல்லாவிட்டால் கொண்டுபோனது. இப்படிச் சாட்சி சொல்லலாம் என்றால் நான் யானைக்குப் பிறந்தவன் என்றுகூட நிரூபித்துவிடுவேன். சரி, வண்டல் தண்ணீருக்கடியில் எப்படி வெயிலில் வெடித்தது?"

"மகாராஜா, இவன் உங்கள் மூதாதையையே சந்தேகப்படுகிறான்" என்றார் மந்திரி.

மன்னரின் புருவம் ஏறியது. சாத்தப்பனுக்கு மண்ணும் கல்லும் இந்தச் சபையில் எடுபடாது என்று புரிந்துபோயிற்று. சடாரென்று மன்னரின் காலில் விழுந்தான்.

"நம்பிவிட்டேன் மகாராஜா. முழுசாக நம்பிவிட்டேன். ஒரே ஒரு விளக்கம் போதும். மந்திரியாரே, அந்த ஒரு குடும்பத்தைத் தவிர வேறு யாரும் தப்பவில்லையே?"

"ஒரு ஈ காக்காய்கூடத் தப்பவில்லை."

"அப்படியானால் தாங்களும் அவருடைய ஆண்வழி வாரிசுதான்?"

"சந்தேகமென்ன?" மந்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"மகாராஜாவும் அதே ஆண்வழி. ஆக, நீங்கள் இருவரும் பங்காளிகள். வயதைப் பார்த்தால் நீங்கள் மகாராஜாவுக்குச் சித்தப்பா, உங்கள் மகள் தங்கச்சி முறை. தங்கச்சி கழுத்தில் தாலி கட்டச் சொல்கிறீர்களே, இது அடுக்குமா?"

மன்னர் மந்திரியை ஒரு பார்வை பார்த்தார். மந்திரியின் கை மீசையிலிருந்து தானாக இறங்கியது.

"அது வந்து... உலகம் முழுக்க என்று சொல்ல முடியாது" என்றார் மந்திரி. "எங்கள் பாட்டனார் ஊர்ப் பக்கம் வெள்ளம் வரவில்லை."

"பக்கத்து நாட்டில்?"

"அங்கேயும் வரவில்லை."

"மலை மூழ்கியதே?"

"மலையெல்லாம் இல்லை. முழங்கால் அளவு."

"எங்கே?"

"நம்முடைய ஆற்றங்கரையில்."

"இதைத்தானே ஐயா குப்பாண்டியும் சொன்னான்?"

மன்னருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குப்பாண்டியை அவிழ்த்துவிடச் சொன்னார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். குப்பாண்டி திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

மந்திரி மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மன்னருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி.

"ஏன் சாத்தப்பா, முழங்கால் தண்ணீருக்கு என் மூதாதை எதற்காகப் படகில் ஏறினார்?"

"வேட்டி நனைந்துவிடுமே, மகாராஜா."