யார் பாடத்திலும் இல்லாத கேள்வி

கடலோரக் காயல் ஒன்றில் பறவைகளும் விலங்குகளும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தன. அலையாத்தி மரங்களின் நிழலில், முட்டளவுத் தண்ணீரில் வகுப்புகள் நடக்கும். குஞ்சுப் பருவம் தாண்டி, இன்னும் பெரியவர்களாகாத பிள்ளைகளுக்கான நடுநிலைப் பள்ளி அது. குளிர்காலத்தில் பனி தேசங்களிலிருந்து வலசை வரும் பறவைகளின் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கும். அதனால் அதற்குப் பன்னாட்டுப் பள்ளி என்று பெயர்.

கணக்குப் பாடம் எடுத்தவர் கொடுக்கன் என்ற நண்டு. ஈர மணலில் தன் காலாலேயே எண்களை எழுதிக் காட்டுவார். அறிவியல் நீர்க்காகம் அஞ்சனையுடையது. மொழிப்பாடம் மைனா பண்மொழிக்கு. ஊரையும் உலகத்தையும் பற்றிச் சொல்லும் சமூகப் பாடம் ஆள்காட்டிக் குருவி மருதனிடம் இருந்தது. யார் வந்தாலும் போனாலும் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவையாயிற்றே, அவருக்குத் தெரியாத சங்கதி கிடையாது. கைவேலைக்கு ஒரு தூக்கணாங்குருவி இருந்தார். தலைமையாசிரியர் கூழைக்கடா. அவ்வளவு பெரிய வாய் இருந்தும் அவர் அதிகம் பேசமாட்டார்.

அந்த வருஷம் ஆசிரியர்களுக்குள் ஒரு சண்டை வந்தது. வெயில் ஏறாத காலை நேரம் யாருக்கு என்பதுதான் சண்டை. காலையில் பிள்ளைகள் தெளிவாக இருக்கும். மத்தியானமானால் பாதி தூங்கிவிடும்.

"கணக்கு தெரியாவிட்டால் தன் கூட்டில் எத்தனை முட்டை என்றுகூடத் தெரியாது. காலை எனக்குத்தான்" என்றார் கொடுக்கன்.

"அந்த முட்டைக்குள்ளிருந்து குஞ்சு எப்படி வருகிறது என்று நான்தானே சொல்ல வேண்டும்?" என்றார் அஞ்சனை.

"எதைச் சொல்வதானாலும் மொழி வேண்டும்" என்றார் பண்மொழி.

"முட்டை இருப்பது யாருடைய கூடு? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்றார் மருதன்.

பேச்சு முற்றி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்றானது. நாணல் வேலி கட்டிக் காயலை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு வேலிக்குள் இன்னொரு பாடத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டார்கள். கூழைக்கடா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எப்படியோ சத்தம் அடங்கினால் சரி" என்று தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் குமிழி என்ற நீர்நாய்க் குட்டி படித்துக்கொண்டிருந்தது. அதன் தோழி நோமின், மங்கோலியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வந்த பட்டைத்தலை வாத்துக் குஞ்சு. இருவரும் எப்போதும் ஒன்றாகவே திரிவார்கள்.

ஒருநாள் குமிழி மீன் பிடிக்கப் போனபோது ஒன்றைக் கவனித்தது. மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. குமிழி கிட்டே போனபோதும் அவை ஓடவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முட்டை அழுகியது போல ஒரு நாற்றமும் வந்தது.

"காயலுக்கு ஏதோ உடம்பு சரியில்லை" என்றது குமிழி.

"வா, டீச்சரிடம் கேட்போம்" என்றது நோமின்.

முதலில் அஞ்சனையிடம் போனார்கள். "டீச்சர், மீனெல்லாம் ஏன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது? தண்ணீர்கூடக் குறைந்துவிட்டது போலிருக்கிறது."

"இந்த மாதம் நமக்குச் சிறகுப் பாடம். மீன் பாடம் தை மாதத்தில்தான். தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் அளக்கிற வேலை. அதைக் கணக்கு வேலிக்குள் போய்க் கேளுங்கள்."

கொடுக்கன் தன் எண்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீன் செத்தால் கழித்தல், பிறந்தால் கூட்டல். ஏன் செத்தது என்பது என் பாடமில்லை."

பண்மொழிக்கு அந்தப் பேச்சே பிடித்துப் போயிற்று. "'காயலுக்கு உடம்பு சரியில்லை'. எவ்வளவு அழகான வாக்கியம்! இதே போல இன்னும் சில எழுதிக்கொண்டு வா, குமிழி" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்.

மருதன் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது நேற்று நடந்த விஷயம். கொஞ்ச காலம் போனால் வரலாறு ஆகிவிடும். அப்போது வாருங்கள், நடத்துகிறேன்."

இரண்டு பிள்ளைகளும் தாங்களாகவே காயலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. காயல் கடலோடு சேரும் வாய்ப்பக்கம் போனதும் நின்றுவிட்டன. அங்கே தண்ணீரே ஓடவில்லை. அந்த வருஷம் மழை குறைவு. காயலிலிருந்து கடலுக்கு ஓடி மண்ணைத் தள்ள வெள்ளம் வரவில்லை. அலை கொண்டுவந்து போட்ட மணல் திட்டாகி வாயை அடைத்திருந்தது. மணலுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது. இந்தப் பக்கம் காயல் அசையாமல் கிடந்தது.

"நான் திரும்ப மலையைத் தாண்ட வேண்டும்" என்றது நோமின் மெதுவாக. "இங்கே நன்றாகத் தின்று உடம்பைத் தேற்றினால்தான் முடியும். பாசியும் கிழங்கும் அழுகிப் போனால் எங்கள் கூட்டமே பாதி வழியில் விழுந்துவிடும்."

குமிழிக்கு அதைவிடப் பக்கத்தில் கவலை இருந்தது. நாறுகிற மீனைத் தின்ன முடியாமல், வீட்டில் அதன் தம்பிகள் பசியில் அழ ஆரம்பித்திருந்தார்கள்.

மணல் அடைத்திருப்பதை இருவரும் எல்லா வேலிக்கும் போய்ச் சொன்னார்கள். எல்லா வேலியிலும் அதே பதில்தான். பிறகு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கத் தொடங்கின. பெரியவர்கள் அப்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பக்கத்து வேலிக்காரரின் தவறு அது என்று முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் கணக்கு வகுப்பில் கொடுக்கன் ஓர் எண்ணைப் பாதி எழுதி நிறுத்தினார். கால்கள் மடங்கின. வாயில் நுரை தள்ளியது. நண்டுக்கும் தண்ணீரில்தானே மூச்சு? கெட்ட தண்ணீரில் கிடந்து கிடந்து அவருக்கு மூச்சு அடைத்துவிட்டது.

பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடின. குமிழி மட்டும் ஓடவில்லை. கொடுக்கனை வாயில் கவ்விக்கொண்டு மணல்திட்டை நோக்கிப் பாய்ந்தது.

அது வயிறு நிறையத் தின்று பல நாள் ஆகியிருந்தது. நீர்நாய்க்கு நண்டைப் போல ருசியான பண்டம் வேறில்லை. வாயெல்லாம் எச்சில் ஊறியது. தாடை தானாக இறுகப் பார்த்தது. குமிழி கண்ணை மூடிக்கொண்டு, பல் ஒன்றுகூட அவர் மேல் அழுந்தாதபடி தூக்கிக்கொண்டு, சுடுமணலில் விழுந்து எழுந்து ஓடி, கடலோரத்துப் பாறைக்குழியில் அவரை விட்டது. நல்ல தண்ணீர் அவர் மேல் அலையலையாக ஏறி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் கொடுக்கன் கண்ணைத் தூக்கினார். மேலே குமிழி இளைத்துப் போய், விலா எலும்பு தெரிய நின்றது.

"நீ என்ன சாப்பிட்டாய் இன்றைக்கு?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை, சார்."

"பின்னே என்னை ஏன்…"

"நீங்கள் எங்கள் சார் ஆயிற்றே" என்றது குமிழி.

கொடுக்கன் தண்ணீரிலிருந்து மெல்ல மேலே ஏறினார். பிறகு மணல்திட்டைத் திரும்பிப் பார்த்தார். "இதைத்தான் அன்றைக்கு வந்து சொன்னாயா? நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. போய் எல்லோரையும் கூட்டி வா. நான் கூப்பிட்டேன் என்று சொல்."

கொடுக்கன் கூப்பிட்டார் என்றதும் ஆசிரியர்கள் நம்பவில்லை. ஆனாலும் வந்தார்கள். கூழைக்கடாவும் வந்தார். நண்டின் நிலையைக் கண்டதும் யாருக்கும் வீறாப்பு மிஞ்சவில்லை.

அஞ்சனை மூழ்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஓடாத தண்ணீர் சூடாகிவிட்டது. அதில் மூச்சுக்கான காற்று இல்லை. கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் மிச்சமிருக்கிற மீனாவது பிழைக்கும். ஆனால் கடல் இந்தத் திட்டுக்கு மேல் ஏறாதே."

"பௌர்ணமியன்று வழக்கத்தைவிட உயரமாக வரும்" என்றார் கொடுக்கன். அவர் வாழ்நாள் முழுக்க அலையின் ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டவர். "அன்று காலையில் கடல் எந்த உயரத்துக்கு வரும் என்று என்னால் சொல்ல முடியும். அந்த உயரத்துக்குக் கீழே ஒரு கால்வாய் வெட்டிவிட்டால் போதும். பௌர்ணமிக்கு அதிக நாள் இல்லை."

"யார் வெட்டுவது? நம்மில் யாருக்கும் அந்தப் பலம் கிடையாது" என்றார் கூழைக்கடா.

பனங்காட்டில் கோரையம்மா என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு இருந்தார். மண்ணைக் கிளறுவதில் அவர்களுக்கு நிகர் யாருமில்லை. பண்மொழி உடனே பறந்து போய், காயலின் அழகையும் பன்றிகளின் வீரத்தையும் புகழ்ந்து தன் வாழ்நாளிலேயே சிறந்த பேச்சைப் பேசினார். கோரையம்மா கடைசிவரை கேட்டார். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

பண்மொழி திரும்பி வந்து, "என் பேச்சில் என்ன குறை?" என்று வருத்தப்பட்டார்.

"பேச்சில் குறையில்லை" என்றார் மருதன். "போன வருஷம் கோரையம்மா தன் மகனைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டி வந்தார். நினைவிருக்கிறதா? அவன் கால்பட்டு மணலில் எழுதியது அழிகிறது என்று கொடுக்கன் துரத்தினார். அவன் பேசுகிற விதத்தைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள். நான் மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை."

எல்லோரும் தலை குனிந்தார்கள்.

"நான் போகிறேன்" என்றார் கொடுக்கன்.

அவரை நோமின் முதுகில் ஏற்றிக்கொண்டு போயிற்று. பண்மொழியும் மருதனும் பின்னாலேயே பறந்தார்கள். நண்டைக் கண்டதும் கோரையம்மா உறுமினார்.

"வேலை ஆக வேண்டும் என்றதும் எங்கள் ஞாபகம் வந்ததா? மண் தோண்டினால் பிள்ளைக்கு இடம் கொடுப்பீர்கள், அதுதானே?"

"இல்லை, அம்மா" என்றார் கொடுக்கன். "நீங்கள் தோண்ட வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் பையனுக்கு இடம் உண்டு. அன்றே கொடுத்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் முதலில் வந்தேன். தோண்டுவது உங்கள் இஷ்டம்."

"நான் சிரித்திருக்கக் கூடாது" என்றார் பண்மொழி. இந்த முறை அவரிடம் அலங்காரச் சொல் ஒன்றுமில்லை.

கோரையம்மா மகனைப் பார்த்தார். அவன் தாயின் காலுக்குப் பின்னாலிருந்து நண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "எங்கே தோண்ட வேண்டும்?"

மறுநாள் விடிந்ததிலிருந்து பன்றிகள் மணலைக் கிளறித் தள்ளின. வெட்ட வெட்ட மணல் சரிந்து கால்வாயை மூடியது. தூக்கணாங்குருவி வந்து சரிவைப் பார்த்துவிட்டு, பனையோலையை எப்படிப் பின்னிப் பக்கவாட்டில் சாத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் ஓலை இழுத்தன, பின்னின, கை கால் கிழித்துக்கொண்டன. ஆழம் போதுமா என்று கொடுக்கன் அடிக்கடி இறங்கிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் போட்ட கணக்கே தப்பாகிப் போனது. நோமின்தான் அதைக் கண்டுபிடித்தது. அவர் கோபப்படாமல் அழித்து எழுதினார்.

பௌர்ணமியன்று காலை கடல் பொங்கி வந்தது. கடைசியாக விட்டிருந்த மணல் வரப்பைக் கோரையம்மா ஒரே முட்டில் உடைத்தார். முதலில் நாக்கு நீளத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. பிறகு மணலை அரித்துக்கொண்டு சீறி, காயலுக்குள் பாய்ந்து விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வேலிகளில் பாதியை வெள்ளமே அடித்துக்கொண்டு போயிற்று. மீதியைப் பிள்ளைகள் பிடுங்கிப் போட்டன.

செத்த மீன்கள் திரும்ப வரவில்லை. அந்த வருஷம் எல்லோரும் அரை வயிற்றோடுதான் இருந்தார்கள். ஆனால் கடலிலிருந்து புதுக் குஞ்சு மீன்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்தன. கரையோரக் கோரை பச்சை பிடித்தது. வாத்துகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக, ஆனால் ஒன்று குறையாமல், உடம்பு தேறி வடக்கே கிளம்பின.

அதற்கு முன்பு பரீட்சை வந்தது. கூழைக்கடா வெகுநாளைக்குப் பிறகு வாயைத் திறந்து பேசினார். "இந்தத் தடவை பாடத்துக்கு ஒரு பரீட்சை கிடையாது. எல்லோருக்கும் ஒரே கேள்வி. பூநாரைகள் இந்த வருஷம் ஏன் நம் காயலுக்கு வரவில்லை?"

"விடை என்ன, ஐயா?" என்று கேட்டான் கோரையம்மாவின் மகன்.

"எனக்கும் தெரியாது. உங்கள் ஆசிரியர்களுக்கும் தெரியாது. அவர்களும் உங்களோடு சேர்ந்துதான் எழுதப் போகிறார்கள்."

பிள்ளைகள் ஓவென்று சிரித்தன. ஆசிரியர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, பூநாரைகள் வழக்கமாக இறங்கும் உப்புச் சேற்றை நோக்கிப் பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அறிவை வேலி போட்டுப் பிரித்து வைத்தால் அது யாருக்கும் உதவாது. பகிர்ந்துகொண்டால்தான் உயிரைக் காக்கும்.