பள்ளக்காட்டுக்கு வந்த வெந்நீர்

மலைச்சரிவில் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. அடிவாரத்தில், வெயில் எட்டாத ஒரு காடு இருந்தது. அதற்குப் பள்ளக்காடு என்று பெயர். மார்கழிப் பனியில் அங்கே மந்திக் குட்டிகள் விறைத்துச் செத்தன.

ஊற்றிலிருந்து பள்ளக்காட்டுக்கு வெந்நீர் கொண்டுவர இரண்டு கூட்டங்கள் போட்டி போட்டன.

முள்ளம்பன்றிகள் மூங்கிலை நறுக்கி, கணுக்களைக் குடைந்து, குழாயாக்கித் தரைமேல் போட்டன. யானைகள் மிதித்து நொறுக்கிவிட்டன. பெருச்சாளிகள் மண்ணுக்குள் வளை தோண்டித் தண்ணீரை விட்டன. பாதி வழியிலேயே மண் குடித்துவிட்டது.

இரண்டு குட்டிகளைப் பறிகொடுத்திருந்த பூவாயி என்ற மந்தி, மூன்றாவதை மார்போடு அணைத்துக்கொண்டு மலையேறினாள். முதலில் முள்ளம்பன்றித் தலைவி சடைச்சியைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் பெருச்சாளிகளும் சேர்ந்து செய்யக்கூடாதா?"

"அந்த மண்தின்னிகளோடா?" என்றாள் சடைச்சி.

பூவாயி பெருச்சாளித் தலைவன் வளையனிடம் போனாள்.

"முள்ளோடு கூட்டுச் சேர்ந்தால் நமக்குத்தானே குத்தும்?" என்றான் வளையன்.

ஊற்றுக்கும் பள்ளக்காட்டுக்கும் நடுவில் ஒரு ஆறு. ஆறும் இரு கரைகளும் நீர்நாய்களுக்குச் சொந்தம். அவற்றின் தலைவன் துறையன் இரண்டு கூட்டத்தையும் கூப்பிட்டனுப்பினான்.

"ஒருவருக்கு வழி விட்டால் மற்றவர் என் கரையில் வந்து சண்டை போடுவீர்கள். சேர்ந்து வாருங்கள், வழி தருகிறேன். ஆற்றுக்கடியில் குழாயை நாங்களே பதிக்கிறோம். எங்கள் குட்டிகளுக்கும் கொஞ்சம் வெந்நீர் வேண்டும்."

வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெருச்சாளிகள் பள்ளம் தோண்டின. முள்ளம்பன்றிகள் அதற்குள் மூங்கிலைப் பதித்தன. மண்மூடிய குழாயை யானைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தை பிறப்பதற்குள் வேலை முடிந்தது.

ஊற்றைத் திறந்துவிட்டார்கள். பள்ளக்காட்டில் எல்லோரும் குழாய்வாயில் காத்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாக வந்தது தண்ணீர். அதுவும் சில்லென்று இருந்தது.

"உங்கள் ஆட்கள்தான் நடுவில் திருடுகிறார்கள்" என்றாள் சடைச்சி.

"உங்கள் மூங்கில் ஓட்டை" என்றான் வளையன்.

சடைச்சியின் முட்கள் சிலிர்த்தன. வளையன் பல்லைக் காட்டினான். அப்போது பூவாயி நடுவில் வந்து, குட்டியை இருவருக்கும் முன்னால் நீட்டினாள். அதன் விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"யார்மேல் தப்பு என்று அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் இப்போது பாருங்கள்" என்றாள்.

வளையன் அந்த விரல்களைப் பார்த்தான். "வாருங்கள், குழாயோடு நடந்து பார்ப்போம்" என்றான். சடைச்சி அவனோடு கிளம்பினாள்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது மண்ணிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தார்கள். கரையில் பதித்த மூங்கிலும் ஆற்றுக்கடியில் போகும் மூங்கிலும் சேரும் இடம் விலகிக் கிடந்தது. வெந்நீர் முழுவதும் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுநீர்தான் குழாய்க்குள் கசிந்து புகுந்து, பள்ளக்காட்டில் சில்லென்று சொட்டியிருந்தது.

"இதை நீங்கள் கட்டுவீர்கள் என்று நினைத்தேன்" என்றாள் சடைச்சி.

"மூங்கில் வேலைதானே, நீங்கள் கட்டுவீர்கள் என்று நினைத்தேன்" என்றான் வளையன்.

தண்ணீருக்குள்ளிருந்து தலை நீட்டிய துறையன் மெல்லச் சொன்னான்: "கரையில் இருப்பது உங்கள் வேலை என்று நானும் விட்டுவிட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூசினார்கள்.

பிறகு வளையன் மண்ணுக்குள் புகுந்து குழாயைத் தோளால் தாங்கினான். துறையன் ஆற்றுப் பக்கத்து மூங்கிலைத் தள்ளிக் கொடுத்தான். சடைச்சி நாரால் இறுக்கிக் கட்டினாள். மூவரும் களிமண் அள்ளிப் பூசினார்கள். சடைச்சியின் முள் ஒன்று வளையனின் காதைக் கிழித்தது. அவன் தோளை எடுக்கவில்லை.

பள்ளக்காட்டில் தண்ணீர் ஆவி பறக்கக் கொட்டியது. பூவாயி குட்டியின் கைகளை அதில் நனைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது விரல்களை மடக்கி அவள் காதைப் பிடித்து இழுத்தது. பூவாயி அழுதுவிட்டாள்.

அன்றுமுதல் அந்தக் கரையில் மூன்று கூட்டத்திலிருந்தும் ஒவ்வொருவர் காவலுக்கு இருக்கிறார்கள்.

சேர்ந்து செய்யும் வேலையில், அவரவர் பங்கைச் செய்வது மட்டும் போதாது. பங்குகள் ஒன்றுசேரும் இடத்தை எல்லோரும் தம்முடையதாகக் காக்க வேண்டும்.