நாக்கு கொடுத்த வாக்கு

தூத்துக்குடியில் ஒரு பெண்ணின் உடம்புக்குள் ஒரு நாக்கும் ஒரு இரைப்பையும் நாற்பத்தோரு வருடமாகக் குடியிருந்தன. அந்தப் பெண்ணின் பெயர் மேபல். ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவள் கணவர் ஜாஸ்பர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

நாக்குக்கு இரண்டு வேலை, ருசி பார்ப்பதும் பேசுவதும். இரைப்பைக்கு ஒரே வேலை. வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்.

மேபலின் எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோவைத் தொட்டபோது முழங்கால் மறுத்துவிட்டது. "இனி என்னால் மாடி ஏற முடியாது" என்றது. சர்க்கரையும் வந்து சேர்ந்தது. அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடம் கடற்கரைச் சாலையில் நடந்தாள், சோற்றைக் குறைத்தாள், யாரோ சொன்ன பொடியைக் கரைத்துக் குடித்தாள். ஆறு கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். ஒருநாள் ஷேர் ஆட்டோக்காரர், "டீச்சர், நீங்க அடுத்த வண்டியில வாங்க, உங்களுக்கு ரெண்டு ஆளு எடம் வேணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்ததும், இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வதென்று மேபல் முடிவு செய்துவிட்டாள்.

ஜாஸ்பருக்குப் பிடிக்கவில்லை. "வயித்த வெட்டி எடுத்துட்டா பெறவு ஒட்ட முடியுமா? வேண்டாம் மேபல்" என்றார். நாலு நாள் இதே பேச்சு. ஐந்தாம் நாள் நாக்கு பொறுமை இழந்தது.

"என் உடம்பு அத்தான். நான் பாத்துக்கிடுதேன். பின்னால ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வாக்குக் குடுக்கேன்."

ஜாஸ்பர் அதற்கு மேல் பேசவில்லை. நாக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்தது.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்தபோது இரைப்பை தன்னைத் தடவிப் பார்த்தது. முன்பு பை மாதிரி இருந்த அது, இப்போது ஒரு வாழைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் முழுக்கத் தையல்.

"என்னுடைய மிச்சம் எங்கே?" என்று கேட்டது.

நாக்கு வறண்டு கிடந்தது. நர்ஸ் நனைத்த பஞ்சால் அப்போதுதான் அதை ஒற்றியிருந்தாள். "எடுத்துவிட்டார்கள். முக்கால் பங்கு" என்றது.

"யார் சம்மதம் சொன்னது?"

"நான்தான்."

இரைப்பை தையலை மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்தது. பிறகு, "என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றது.

முதல் ஒரு மாதம் எல்லாம் நன்றாகவே போனது. நீர் ஆகாரம், பிறகு கூழ், பிறகு குழைத்த சோறு. பதினாலு கிலோ இறங்கியது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தினார். முழங்கால், "என் சுமையை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது" என்று சொல்லி மகிழ்ந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சுற்றி வந்து பார்த்தார்கள். "ஆளே மாறிட்டீங்களே டீச்சர்." நாக்கு அந்தப் பாராட்டை எல்லாம் வாங்கி வாங்கிச் சுவைத்தது. இப்போது அதற்கு வேறு ருசி அதிகம் கிடைக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் இரைப்பையின் நடுவில், தையல் ஆறிய இடத்தில், ஒரு இறுக்கம் வந்தது. அரை இட்லி அங்கே வந்து நின்றுகொண்டது. ஒரு மிடறு தண்ணீர் போதும், எல்லாம் மேலே திரும்பியது. முதலில் தினம் ஒரு தடவை வாந்தி. பிறகு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும். மேபல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தாள், வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று. வைட்டமின் மாத்திரையும் தங்கவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அதை நிறுத்திவிட்டாள்.

"வழி அடைத்துக்கொண்டது. டாக்டரிடம் சொல்" என்று இரைப்பை கேட்டது.

"ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்."

"இது ஆரம்பம் இல்லை. எட்டு வாரம் ஆகிவிட்டது."

மதுரையிலிருந்து உணவு ஆலோசகர் போனில் கூப்பிட்டாள். "எப்படி இருக்கீங்க மேடம்? வாந்தி ஏதாவது இருக்கா?"

இரைப்பை பதிலுக்குக் காத்திருந்தது.

"அதெல்லாம் இல்லம்மா. நல்லா இருக்கேன்" என்றது நாக்கு.

அதற்குப் பிறகு மற்றவர்களும் புகார் கொண்டுவந்தார்கள். முதலில் பாதங்கள் வந்தன. "எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது. தரை பஞ்சாகத் தெரிகிறது" என்றன. ஒருநாள் இடது செருப்பு பள்ளிக்கூட வராந்தாவிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றதே தெரியாமல் மேபல் வகுப்புக்குள் போய்விட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நாக்கும் ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தது.

அடுத்த வாரம் கண்கள் வந்தன. "கேட்டைத் திறந்து ஜாஸ்பர் வந்தபோது எங்களுக்கு இரண்டு ஜாஸ்பர் தெரிந்தார்கள்" என்றன.

நாக்குக்குப் பயம் வந்தது. ஆனாலும், "தூக்கம் இல்லாததால் இருக்கும்" என்றது.

இரைப்பைக்குக் கோபம் வந்தது. "உனக்குத் தெரியும். எங்கள் எல்லாரையும்விட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். எங்களுக்கு வாய் கிடையாது. நீ மட்டும்தான் வெளியே பேசுகிறாய். ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய்?"

"வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"யாருக்கு?"

"ஜாஸ்பருக்கு. ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன் என்று. இப்போது போய்ச் சொன்னால் அவர் என்ன சொல்வார் தெரியுமா? 'அப்பவே சொன்னேனே' என்பார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இந்த வாய்க்குள் குடியிருக்க முடியாது."

"அதற்காக எங்களைச் சாகவிடுவாயா?"

நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

பத்தாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. மேபலுக்கு மூன்று நாளாக ஒரு டம்ளர் தண்ணீர்கூட முழுதாக உள்ளே தங்கவில்லை. வெள்ளைச் சேலை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியும் தொளதொளவென்று தொங்கியது. முன்வரிசைப் பெண்கள் அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்கு எழுந்து போனார்கள். அவளும் எழுந்தாள். பீடத்துக்கு முன்னால் இரண்டே படி. இடது பாதம் முதல் படியைத் தேடியது. படி எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. வலது பாதத்தைக் கேட்டது. அதற்கும் தெரியவில்லை. மேபல் பக்கவாட்டில் சாய்ந்தாள். பின்னால் வந்த ஒரு அம்மாள் தோளைப் பிடித்திருக்காவிட்டால் தலை கல்லில் மோதியிருக்கும்.

ஜாஸ்பர் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். இருவராகப் பிடித்து வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

"என்ன செய்யுது மேபல்?" என்று கேட்டார் ஜாஸ்பர்.

உள்ளே எல்லோரும் நாக்கைப் பார்த்தார்கள். அது பழக்கதோஷத்தில் "தடுக்கிட்டு" என்று சொல்ல எழுந்தது.

அப்போது இரைப்பை மெதுவாகக் கேட்டது. "என்னை வெட்டக் கொடுத்தாய். நான் தாங்கினேன். உன்னால் ஒரு சொல்லைத் தாங்க முடியாதா?"

எழுந்த நாக்கு அப்படியே நின்றது. ஜாஸ்பர் அவள் கால் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் தொடுவது பாதத்துக்குத் தெரியவில்லை. கண்களுக்குத் தெரிந்தது, இரண்டிரண்டாக.

"அத்தான்" என்றது நாக்கு. "ஒரு மாசமா ஒண்ணும் தங்கல. குடிக்கிற தண்ணிகூட வெளிய வந்துருது. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு கொழாயத் தொறந்துவச்சுக்கிட்டு எடுத்தேன். நீங்க காலத் தொடுதீங்க, எனக்குத் தெரியல. எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நான் செஞ்சது தப்போன்னு இருக்கு. பயமா இருக்கு அத்தான்."

ஜாஸ்பரின் முகம் வெளிறியது. பிறகு, நாக்கு எதற்குப் பயந்ததோ அது நடந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேம்லா" என்றார் அவர்.

உள்ளே ஒருவரும் அசையவில்லை. நாக்கு சுருண்டுகொண்டு காத்திருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. அந்தச் சொல் வந்தது, போய்விட்டது. அதற்குள் ஜாஸ்பர் எழுந்து ரோட்டில் போன ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்டோவிலிருந்தே மதுரைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் டூட்டி டாக்டரின் குரல் அவசரமாக வந்தது. "இங்க வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆனா ஒண்ணு, வெறும் குளுக்கோஸ் ஏத்த விட்டுராதீங்க. முதல்ல பி ஒன் வைட்டமின், தயமின் ஊசி போடணும். அதுக்கு அப்புறம்தான் குளுக்கோஸ். மாத்திப் போட்டா மூளைக்கு ஆபத்து. அங்க இருக்கிற டாக்டர என்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அவசரப் பிரிவில் கூட்டம். ஜாஸ்பர் சீட்டுப் போடும் இடத்தில் மாட்டிக்கொண்டார். போன் அவர் கையில். மேபலை ஒரு கட்டிலில் படுக்கவைத்து நர்ஸ் நாடி பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், உடம்பில் தண்ணீர் இல்லையென்று. அவள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். ஒரு குளுக்கோஸ் பாட்டிலை எடுத்துக் கம்பியில் மாட்டினாள்.

கண்கள் இரண்டு பாட்டிலைப் பார்த்தன. "அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று நாக்கு கேட்டது. கண்களால் வாசிக்க முடியவில்லை. "தெரியவில்லை. நீயே கேள்" என்றன.

நாக்கு தடித்துப் போயிருந்தது. மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதை அது பிய்த்து எடுத்தது.

"சிஸ்டர். அது குளுக்கோஸா?"

"ஆமாம்மா. பேசாதீங்க, படுங்க."

"போடாதீங்க."

"உடம்புல தெம்பே இல்ல. இது ஏறினாத்தான் சரியாகும்."

ஊசி கைக்கு அருகே வந்தது. இதற்கு முன்னால் என்றால் நாக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் வாதம் பண்ணாது. இப்போது அது குரலை உயர்த்தியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு எடை குறைக்க வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு. ஒரு மாசமா வாந்தி. கால் மரத்துட்டு. மொதல்ல தயமின் ஊசி. பெறவுதான் குளுக்கோஸ். டாக்டரக் கூப்பிடுங்க. அவரு வராம என் கையத் தர மாட்டேன்."

நர்ஸ் நின்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. "ஆபரேஷன் ஆனத யாரும் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். டாக்டர் வந்தார். ஜாஸ்பர் போனோடு ஓடி வந்தார். இரண்டு டாக்டர்களும் ஒரு நிமிடம்தான் பேசினார்கள். தயமின் ஏறியது.

மறுநாள் மதியம் கண்கள் ஒரே ஒரு ஜாஸ்பரைப் பார்த்தன. தாடி வளர்ந்து, சட்டை பட்டன் மாற்றிப் போட்டிருந்தார்.

பிறகு மதுரையில், தொண்டை வழியாகக் குழாய் விட்டு, அதன் நுனியில் இருந்த சின்ன பலூனை ஊதி, இரைப்பையின் இறுக்கத்தை விரித்தார்கள். மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. மேபல் நடக்கப் பழக நான்கு மாதம் ஆனது. வலது பாதம் பெரும்பாலும் திரும்பி வந்தது. இடது பாதம் பாதிதான் வந்தது. இன்றும் அவள் குனிந்து பார்த்துத்தான் அந்தக் காலை வைக்கிறாள்.

ஒருநாள் நாக்கு இரைப்பையிடம், "என்னை மன்னிப்பாயா?" என்று கேட்டது.

"வெட்டியதற்கா, மறைத்ததற்கா?"

"இரண்டுக்கும்."

"வெட்டியதற்கு எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. சில நாள் அதிகமாக, சில நாள் குறைவாக. அது அப்படியே இருக்கட்டும்" என்றது இரைப்பை. "மறைத்ததை மட்டும் இனிமேல் செய்யாதே."

ஒரு வருடப் பரிசோதனைக்கு மதுரை போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். நாற்காலியின் கைப்பிடிகள் அவள் இடுப்பை இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தன. கையில் அதே ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம். மேபலின் கைத்தடியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, நீங்க பண்ணிக்கிட்டீங்களா? நான் பண்ணிக்கலாமா?"

"தாராளமாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று சொல்" என்றது முழங்கால்.

"வேண்டவே வேண்டாம் என்று சொல்" என்றது இடது பாதம்.

நாக்கு இரைப்பையைப் பார்த்தது.

மேபல் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு நடந்ததை எல்லாம் சொல்லுதேன்" என்றது நாக்கு. "நல்லதையும் சொல்லுதேன், கெட்டதையும் சொல்லுதேன். கேட்டுட்டுப் பெறவு கையெழுத்துப் போடு."