கறுப்புக் கொடி ஏற்றிய தீவு

ஒரு கடலைச் சுற்றி மூன்று நாடுகள். மகரபுரி பெரியது, நெல்லும் போர்க்கப்பலும் அங்கேதான் அதிகம். நெய்தலூர் நடுத்தரம். புன்னைத்தீவோ உப்பும் மீனும் தவிர வேறெதுவும் கிடைக்காத மணல்திட்டு.

ஒரு கொள்ளைநோய்க்குப் பிறகு மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கே நோய் வந்தாலும் அன்றே துறைமுகத்தில் கறுப்புக் கொடி ஏற்ற வேண்டும். மற்றவர்கள் ஆள் போக்குவரத்தை நிறுத்தலாம். ஆனால் அரிசியையும் மருந்தையும் கரையில் இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும்.

நாலாம் வருஷம் புன்னைத்தீவில் நாலு பேருக்கு வாந்திபேதி கண்டது. தீவின் தலைவி செங்கமலம் கொடி ஏற்றச் சொன்னாள்.

"நாலு பேர்தானே அக்கா. கமுக்கமா இருந்துட்டா யாருக்குத் தெரியும்?" என்றான் அவள் தம்பி வேலவன்.

"நாலு நாப்பதானா நீ வந்து பதில் சொல்லுவியா? ஏத்துடா."

கொடியைக் கண்டதும் மகரபுரி ராஜா உதயசேனன் தீவைச் சுற்றிப் போர்க்கப்பல்களை நிறுத்தினான். ஆட்களை மட்டுமா? நெய்தலூர் அனுப்பிய அரிசிப் படகையும் திருப்பி விட்டான், தீவின் மீன்படகுகளையும் கடலில் இறங்க விடவில்லை. ஒப்பந்தத்தை நினைவூட்டிய மந்திரியிடம், "அதெல்லாம் இருக்கட்டும். என் ஜனங்களை நான்தான் பார்த்தாகணும்" என்றான். தீவில் நோயில் செத்தவர் முப்பது, பசியில் செத்தவர் இருநூறு. பசியில் போனவர்களில் வேலவனின் இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு.

அடுத்த மாதம் நெய்தலூரில் நோய் தலைகாட்டியது. அதன் அரசன் காரிமுத்து, திரும்பி வந்த அரிசிப் படகைக் கண்ணால் பார்த்தவன். "கொடி ஏத்தினா நம்ம பிள்ளைகளும் பட்டினிதான். யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று துறைமுகத்தாரிடம் சொல்லிவிட்டான். அவன் கப்பல்கள் வழக்கம்போல் மகரபுரிக்குப் போய்வந்தன. அங்கே மூவாயிரம் பேர் மாண்டார்கள்.

மூன்று நாட்டுச் சபை கூடியது.

"மறைத்தவன் கொலைகாரன்" என்றான் உதயசேனன்.

"மறைக்கக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே" என்றான் காரிமுத்து.

அக்காவோடு வந்திருந்த வேலவன் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏத்தச் சொன்னது நீதானே அக்கா" என்றான்.

நீங்களே சொல்லுங்கள். அந்த மூவாயிரம் சாவுக்கு முதல் பொறுப்பு யார்? உண்மையைச் சொன்ன செங்கமலமா, மறைத்த காரிமுத்துவா, வழியை அடைத்த உதயசேனனா?

விடை: செங்கமலத்தின் மேல் குற்றமே இல்லை. காரிமுத்து செய்தது பெரிய தப்பு. கொடி ஏற்றப் பயந்தவன் கப்பலையாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் பொறுப்பு உதயசேனன்தான். ஆளை நிறுத்த அவனுக்கு உரிமை உண்டு, அரிசியை நிறுத்த இல்லை. உண்மை சொன்ன பிள்ளையைச் சோறு போடாமல் வாசலில் நிறுத்தினால், அதைப் பார்த்த இன்னொரு பிள்ளை வாய் திறக்குமா? சபையில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனாலும் தண்டனை காரிமுத்துவுக்கு மட்டும்தான் எழுதினார்கள். ஊர் திரும்பும்போது எல்லாருக்கும் அரிசி வேண்டியிருந்தது. அரிசி இருந்ததோ மகரபுரியில்.