நண்டு ஏறிப் பார்த்த கூடு

குளத்துக் கரையில் அல்லி என்றொரு நண்டு களிமண் வியாபாரம் செய்துவந்தது. வளை தோண்டும்போது வரும் மண்ணை உருண்டை பிடித்து வைக்கும். கரையோரக் கருவேல மரத்துத் தூக்கணாங்குருவிகள் நெல்மணி கொடுத்து வாங்கிப் போகும். கூடு கட்டத்தான் வாங்குகின்றன என்று தெரியும். அதற்கு மேல் அல்லி கேட்டதே இல்லை.

அந்த வருஷம் மேட்டில் பெருச்சாளியும் கடை போட்டுவிட்டது. குவியல் குவியலாக மண்! குருவிகள் எல்லாம் அங்கே பறந்தன. அல்லியின் உருண்டைகள் வெயிலில் வெடித்துக் கிடந்தன. மழைக்காலத்துக்குத் தீனி சேர்த்தாக வேண்டுமே!

"உருண்டையைப் பெரிசாப் பிடிடி! வியாபாரம் தானா வளரும்!" என்றது தவளை.

அல்லியும் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி வைத்தது. மஞ்சள் தலைக் குருவி ஒன்று வந்து பார்த்துச் சிரித்தது.

"நண்டக்கா, இதை மூக்கால தூக்கவா, முதுகுல சுமக்கவா?"

"பின்னே எப்படித்தான் வேணும் உங்களுக்கு?" அல்லிக்கு அழுகை முட்டியது.

"இத்தனை நாளா விக்கிறீங்களே, எங்க வீட்டை ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா? ஏறி வாங்க!"

முள்ளுக்கு முள் கால் வைத்து, நடுங்கிக்கொண்டே அல்லி ஏறியது. தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் பாதி கட்டிய கூடு தொங்கியது. அல்லியின் கண்கள் விரிந்து நின்றன. கை இல்லை, விரல் இல்லை, ஒரு மூக்கு மட்டும்! அதை வைத்துக்கொண்டு இத்தனை முடிச்சா! நார் இடுக்கில் எல்லாம் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கியது. உள்சுவரில் பொட்டுப் பொட்டாகக் களிமண்.

"இது... என் மண்ணா?"

"போன மாசம் நீங்க கொடுத்ததுதான்! இந்தக் கனம் இல்லாட்டி காத்துக்கு வீடு புரண்டுடும். இப்போ உங்க உருண்டை கல்லாக் கிடக்கு, கொத்த முடியலை. பெருச்சாளி மண் கொத்த லேசா வருது, ஆனா ஒட்டாம உதிருது. பட்டாணி அளவு போதும்க்கா, ஈரமா இருக்கணும்!"

இறங்கியதும் அல்லி பட்டாணி பட்டாணியாகக் கிள்ளி, ஈரப் பாசியில் பொதிந்து வைத்தது.

"சின்னதாக்கித்தான் வியாபாரத்தை வளர்க்கப் போறாளாம்!" என்று பெருச்சாளி விழுந்து விழுந்து சிரித்தது.

சில குருவிகள் அல்லியிடம் வந்தன. மற்றவை மேட்டுக்கே போயின.

ஆடிக் காற்று வந்தது. மரமே பேயாட்டம் ஆடியது! பெருச்சாளியின் உதிரி மண் பூசிய கூடுகள் புரண்டு, பிய்ந்து, தண்ணீரில் விழுந்தன. நல்ல வேளை, முட்டை வைக்கவில்லை. அல்லியின் மண் ஒட்டிய கூடுகளோ ஊஞ்சலாய் ஆடி ஆடி நேராகவே நின்றன.

"ஆத்தாடி!" வளை வாசலில் அல்லி வாய் பிளந்து நின்றது.

காற்று ஓய்ந்ததும் மரத்துக் குருவிகள் எல்லாம் வந்தன. அக்கரை ஈச்சமரத்துக் குருவிகளும் வந்தன. கடைசியில் ஒரு குளவியும் வந்தது.

"நண்டக்கா, எனக்கும் மண் வேணும்!"

"தர்றேன்! முதல்ல உன் வீட்டைக் காட்டு!" என்று அல்லி கிளம்பிவிட்டது.

தான் விற்ற பொருள் வாங்கியவர் வீட்டில் எப்படி நிற்கிறது என்று போய்ப் பார்க்கிறவருடைய வியாபாரமே வளரும்.